ஃபேன் பக்கம்தான் ஒன்று

எங்கள் பணிமனையில் எஞ்சினைப் பிரிக்கிறவர், முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கும் முன் ஒரு வேலை செய்ய வேண்டும். எஞ்சினின் உடலான பிளாக்கின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் ஓர் அம்புக்குறி போட வேண்டும். அம்பு முன்பக்கத்தை, அதாவது ஃபேன் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதன் கீழே தன் பெயரை எழுத வேண்டும். மெயின்லேண்டில் இப்படி ஒரு வழக்கத்தை நான் பார்த்ததில்லை. போன மாதம், புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர் அம்மா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்குப் போன் செய்தார். "இப்ப வர்ற எஞ்சின்ல எல்லாம் கம்பெனியிலேயே நம்பர் அடிச்சு வருது சார். இந்தப் பெயிண்ட் வேலைய நிறுத்திடலாமா? யாரைக் கேட்டாலும் தாசன் சாரைக் கேளுங்கன்னு சொல்றாங்க" என்றார். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். மூன்று வாரமாகிறது. ஸ்பேனர் பிடித்த கைக்குப் பேனா வராது என்று சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் எழுதத் தைரியம் வரவில்லை.

நான் இந்தத் தீவிலேயே, வண்டூரில் பிறந்தவன். அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து இங்கே மீன் பிடித்தவர். அவருடைய படகு எஞ்சினைப் பிரித்துத் துடைத்துத்தான் எனக்குக் கை பழகியது. அந்த எஞ்சினில் ஃப்ளைவீல் பக்கம்தான் ஒன்றாம் எண். ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் பின்முனையில் இருக்கும் கனத்த இரும்புச் சக்கரம். சில படகு எஞ்சின்களில் சிலிண்டர்களையும் மற்ற பாகங்களையும் அங்கிருந்துதான் எண்ணுவார்கள். மோட்டார் வண்டியில் அதற்கு நேர் எதிர், முன்னால் ஃபேன் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஐ.டி.ஐ.யில் இதைப் படித்தேன், பரீட்சையிலும் சரியாகவே எழுதினேன், போர்ட் பிளேரில் அரசாங்கப் பணிமனை ஒன்றில் வேலையும் கிடைத்தது. ஊருக்கு இப்போது பெயர் மாறிவிட்டது, எனக்குத்தான் நாக்கு மாறவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அது நாக்குக்கு மட்டுமல்ல, கைக்கும் பொருந்தும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்போது போர்மேன் காதர் சார். ராமநாதபுரத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்க, இவர் மட்டும் கிரீஸுக்கு வந்தார். ஆனால் அவர் மேல் கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. முழுக்கை வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பழைய துண்டு. எதைத் தொட்டாலும் துண்டால்தான் தொடுவார். ஒன்றை மட்டும் வெறும் கையால் தொடுவார். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை பிளாக்கில் உட்காரவைத்து, அதை மூடும் மெயின் கேப்புகளை முறுக்கியதும் அவரைக் கூப்பிட வேண்டும். வந்து கிராங்கின் பின்முனையில் இரண்டு விரலை வைத்துச் சுழற்றுவார். சத்தமில்லாமல் சுற்றினால் "ம்" என்பார். சுற்றாவிட்டால் எதுவும் சொல்லாமல் போய்விடுவார். மறுபடி பிரி என்று அதற்கு அர்த்தம்.

அவர் யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. எங்களிடம் "வாப்பா, போப்பா" என்று தமிழில் பேசுகிறவர், கோபம் வந்தால் இந்திக்கு மாறிவிடுவார். அதுவும் மரியாதை தோய்ந்த இந்தி. ஒரு ஆளை அவர் "ஆப்", அதாவது "நீங்க", என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த ஆளுக்குச் சோறு இறங்காது. அவருடைய பணிமனைக்கு ஒரே சட்டம்: "தொறந்தவன்தான் மூடணும்." பிரித்தவனைத் தவிர வேறு யாரும் அந்த எஞ்சினைக் கோக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் பன்னிரண்டு வருடம் என் தப்பு அந்தச் சட்டத்துக்குள்ளேதான் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

என் பக்கத்து பெஞ்சில் செல்வம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். என்னைவிட நாலு வயது சின்னவன், வேலையில் என்னைவிட நிதானம். ஆனால் ஒன்பது வருடமாகத் தினக்கூலி. அந்த வருடம் நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்தது, மேலே ஒரு கையெழுத்துதான் பாக்கி. இடையில் ஒரு மெமோ விழுந்தால் பெயர் போய்விடும். "பெர்மனென்ட் ஆயி குவார்ட்டர்ஸ் கெடச்சிட்டா, தெனம் பாம்பூஃப்ளாட்ல இருந்து படகு ஏறி சாத்தம் வந்து அல்லாடுறது மிச்சம் தாசண்ணே. புள்ளைங்க முகத்த வெளிச்சத்துல பாக்கலாம்" என்பான்.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே உள்ள ரங்கத் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் வந்தது. நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் பூட்டிய ஜீப். அந்த வட்டாரத்துக்கே அப்போது அது ஒன்றுதான். ஆயில் பிரஷர் விழுந்து, அடியில் தட்டுகிற சத்தம். காதர் சார் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "முழுசா எறக்கு தாசா" என்றார்.

பிரித்தேன். தண்ணீரையும் ஆயிலையும் வடித்தேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒரே மூச்சில் இல்லாமல் சுற்றுச் சுற்றாகத் தளர்த்தினேன். அவசரப்பட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். எங்கள் தீவில் உப்புக் காற்று போல்ட்டைக் கடித்து வைத்திருக்கும். டீசலை ஊற்றி ஒரு ராத்திரி ஊற விட்டால்தான் அசையும். சிலிண்டரின் மேல் விளிம்பில் தேயாமல் நிற்கும் திட்டைச் சுரண்டி எடுத்தேன், இல்லையென்றால் பிஸ்டன் வெளியே வரும்போது வளையம் மாட்டி உடையும். பிஸ்டன்களை எடுத்த பிறகு பிளாக்கை பெஞ்சில் குப்புறக் கவிழ்த்தேன். இப்போது கிராங்கைப் பிடித்திருக்கும் ஐந்து மெயின் கேப்புகளும் வரிசையாகக் கண் முன்னால் தெரியும். ஒவ்வொன்றையும் சாத்தம் மர ஆலையின் துண்டுக் கட்டையில் நானே செதுக்கிய படாக் மரச் சுத்தியால் இடமும் வலமும் தட்டித் தளர்த்தினேன்.

இந்தக் கேப்புகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிளாக்கில் பாதி வட்டம், கேப்பில் பாதி வட்டம். இரண்டையும் சேர்த்து முறுக்கி வைத்துத்தான் கம்பெனியில் துளையைக் கடைவார்கள். ஆகையால் ஒவ்வொரு கேப்பும் தன் இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இடம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது, ஒரு தலைமுடி கனம்கூட வித்தியாசம் இருக்காது. ஆனால் கிராங்குக்குத் தெரியும். அதனால் கழற்றும் முன் பஞ்ச்சால் புள்ளி குத்தி அடையாளம் வைப்போம். முதல் கேப்பும் ஐந்தாவது கேப்பும் உருவத்திலேயே வேறு, மாற்றி மாட்ட முடியாது. உருவமே சொல்லும்போது குறி எதற்கு என்று அவற்றை விட்டுவிட்டேன். நடுவில் மூன்றும் அச்சு அசல் ஒன்று போல இருக்கும். அவற்றில் இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, நாலு புள்ளி குத்தினேன். ஜன்னல் வெளிச்சத்துக்காகப் பிளாக்கின் ஃப்ளைவீல் பக்கம் என் பக்கம் இருந்தது. என் கை அங்கிருந்தே எண்ணியது, அப்பாவின் படகில் எண்ணியது போல. பன்னிரண்டு வருடமும் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன். நான் குத்திய புள்ளியை நானே படித்து நானே மாட்டியதால் ஒருநாளும் பிசகவில்லை.

பிளாக்கும் கிராங்கும் கடைசலுக்குப் போய் வந்தன. புதுப் பேரிங் சென்னையிலிருந்து வர வேண்டும். ஐந்து வாரம் காத்திருந்தோம். அதைக் கொண்டுவந்த கப்பல்தான் திரும்பும்போது என்னையும் கொண்டுபோனது. தூத்துக்குடியில் தங்கைக்குக் கல்யாணம். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று கப்பல் ஆபீசுக்கே தெரியாது. ரங்கத் ஆஸ்பத்திரியிலிருந்து தினம் போன். காதர் சார் முதல்தடவையாகச் சட்டத்தைத் தளர்த்தினார். "நீ போய்ட்டு வாப்பா. செல்வம் மூடட்டும்" என்றார்.

போகிற அவசரத்தில் செல்வத்திடம் பெஞ்சைக் காட்டினேன்.

"எல்லாத்துலயும் மார்க் இருக்கு. கண்ண மூடிக்கிட்டே மாட்டலாம்டா."

"டீக் ஹை அண்ணே. நீங்க போயி கல்யாணத்த நல்லா நடத்துங்க" என்றான்.

நாற்பத்தைந்து நாள் கழித்துத் திரும்பினேன். ஹாடோ துறையில் இறங்கி, கொண்டுவந்த கல்யாணப் பலகாரத்தோடு நேரே பணிமனைக்குப் போனேன். யாரும் கையை நீட்டவில்லை. மூலையில் அந்த எஞ்சின் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது.

நடந்தது இதுதான். செல்வம் கோத்து அனுப்பிய ஆம்புலன்ஸ் இரண்டு வாரம் ஓடியிருக்கிறது. பாக்கு மரத்திலிருந்து விழுந்த ஹரிபதா என்ற வங்காளி விவசாயியை ஏற்றிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்திருக்கிறார்கள். வழியில் வண்டிகளை ஏற்றிக் கடக்கும் படகில் எஞ்சினை நிறுத்த வேண்டும். அக்கரை வந்ததும் டிரைவர் சாவியைத் திருப்ப, எஞ்சின் அசையவில்லை. உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது. அதே படகில் வந்த பாக்கு லாரியில், மூட்டைகளுக்கு நடுவே, முதுகு உடைந்த மனிதரைத் தூக்கிக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. விழுந்ததில் போனதா, வண்டி மாற்றித் தூக்கியதில் போனதா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த வாக்கியம் எனக்கு இன்றுவரை ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. நடுவில் நிற்கிறது.

எஞ்சின் திரும்பி வந்தும் காதர் சார் அதைத் தொட விடவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், "தொறந்தவன் வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அந்த அதிகாரி, காதர் சார், செல்வம் மூன்று பேர் முன்னால் நான் பிரித்தேன். செல்வம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றியதும் கருகிய வாடை வந்தது. மூன்றாம் கேப் சுத்தமாக வந்தது. இரண்டாவதும் நாலாவதும் நீலம் பாரித்திருந்தன. பேரிங் உருகிக் கிராங்கோடு ஒட்டியிருந்தது. அதிகாரி குனிந்து புள்ளிகளை எண்ணினார். ஃபேன் பக்கத்திலிருந்து இரண்டாம் இடத்தில் இரண்டு புள்ளி, நாலாம் இடத்தில் நாலு புள்ளி.

"மார்க் படிதான் மாட்டியிருக்கு. அப்படின்னா மாட்டுன விதத்துலதான் கோளாறு" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். நான் குத்திய இரண்டு, நாலாம் இடத்துக்குரியது. நான் குத்திய நாலு, இரண்டாம் இடத்துக்குரியது. மூன்று எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மூன்று, அதனால்தான் அது பிழைத்தது. செல்வம் உலகம் முழுக்க எண்ணுகிற மாதிரி எண்ணிச் சரியாக மாட்டியிருக்கிறான். அந்த இரும்பு முழுக்க அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய்ச் சாட்சி என்று தெரிந்த ஆள் பூமியில் நான் ஒருவன்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை நீட்டி முழக்காமல் எழுதிவிடுகிறேன்: பயந்தேன். ஒரு மனிதனின் கால் போன கேஸ். நான் நிரந்தர ஊழியன், எனக்கு ஒன்றும் ஆகாது என்றுகூடத் தோன்றியது, அப்போதும் வாய் வரவில்லை. செல்வம் என்னைப் பார்த்தான். நான் குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். சாயங்காலம் பஸ்ஸில் வண்டூர் திரும்பினேன். வீட்டுக்காரி தட்டில் மீனை வைத்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றாள். சொன்னேன். "அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். தட்டில் மீன் அப்படியே இருந்தது.

காலையில் காதர் சார் வருமுன் அவர் அறை வாசலில் நின்றேன். சொன்னேன். அவர் துண்டை மேஜையில் வைத்தார்.

"தாசன் ஜி, ஆப் பைட்டியே" என்றார். உட்காரச் சொன்னார். என்னை அவர் "ஆப்" என்று சொன்னது அன்று ஒருநாள்தான். நான் உட்காரவில்லை.

துண்டை எடுத்து மடித்த பிறகுதான் தமிழுக்கு வந்தார். "பன்னெண்டு வருசமா ஒன்னோட மார்க்க நான் ஒரு தடவ எண்ணிப் பாக்கலியேப்பா. தொறந்தவனே மூடுறான்ல, நமக்கென்னன்னு இருந்துட்டேன். செல்வம் மூடுன அன்னைக்கு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்ட்டேன், கிராங்குல வெரலும் வைக்கல. எழுது. நானும் எழுதுறேன்."

இருவரும் எழுதினோம். செல்வத்தின் மேல் தப்பில்லை என்று ஆனது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவான், இல்லாவிட்டால் சட்டையைப் பிடிப்பான் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவன் ஒரு காகிதம் கேட்டான்.

எழுதியதை என்னிடம்தான் முதலில் காட்டினான். கேப்புகளை முறுக்கியதும் கிராங்க் கையால் சுற்றவில்லை, ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுத்துத்தான் சுற்றினேன், புதுப் பேரிங் ஓட ஓடச் சரியாகும் என்று நினைத்து சம்ப்பை மூடினேன், போர்மேன் திரும்பி வந்து "சுத்துச்சா?" என்று கேட்டபோது "சுத்துச்சு" என்றேன். இவ்வளவுதான் எழுதியிருந்தான். காதர் சார் தன் அறிக்கையில் அந்தக் கேள்வியையும் பதிலையும் எழுதவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கிழிச்சுப் போடுடா. லிஸ்ட்ல கையெழுத்தாகப் போகுது" என்றேன். கிட்டத்தட்டக் கெஞ்சினேன்.

"மறுபடி பிரிச்சா, இவனால முடியல, இவனையா பெர்மனென்ட் பண்றதுன்னு யாராச்சும் சொல்லிடுவாங்கன்னுதாண்ணே அன்னைக்கு மூடினேன். அதே லிஸ்டுக்காக இன்னைக்கும் மூடச் சொல்றீங்க" என்றான். பிறகு, "நீங்க ஒரு ராத்திரிதான் பேசாம இருந்தீங்க. நான் அந்த வண்டி ஓடுன ரெண்டு வாரமும் பேசாம இருந்தேண்ணே" என்றான்.

எனக்கு இரண்டு இன்கிரிமென்ட் நின்றது. காதர் சாருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். செல்வத்தின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அது மறுபடி வர ஐந்து வருடம் ஆனது. அதுவரை அவன் பாம்பூஃப்ளாட் படகில்தான் வந்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்று சக ஊழியர்கள் எனக்குத் தேறுதல் சொன்னார்கள். சறுக்கியது யானை, ஆனால் விழுந்தது இன்னொருத்தர் மேல்.

அம்புக்குறி அப்போது வந்ததுதான். காதர் சாரே பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து வைத்தார். இனி விரல் வைத்துப் பார்க்கப் போர்மேன் இல்லையென்றால் எஞ்சின் காத்திருக்கும் என்றும் ஒரு சட்டம் போட்டார். பெயிண்ட் தேவையா இல்லையா என்பதைப் பொறியாளர் அம்மா முடிவு செய்துகொள்ளட்டும். நான் சொல்ல வந்தது அதோடு முடியவில்லை.

வேறு பிளாக்கும் கிராங்கும் தருவித்து அந்த ஆம்புலன்ஸ் எஞ்சினை நானும் செல்வமும் சேர்ந்து கோத்தோம். அது ஓடத் தொடங்கிய பிறகு இருவரும் பஸ் ஏறி ரங்கத் போய் ஹரிபதாவின் வீட்டைத் தேடினோம். கட்டிலில் படுத்திருந்தார். நாங்கள் யார் என்று இந்தியில் சொன்னோம், என்ன செய்தோம் என்றும் சொன்னோம். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவி டீ கொடுத்தார். வாசல்வரை வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "அடுத்த மாசம் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதே வண்டிதான் வரும். செத்தாலும் அதுல ஏற மாட்டேன்னு சொல்றாரு. போகலன்னா முதுகுப் புண்ணே அவர முடிச்சிடும்னு டாக்டர் சொல்றாரு. நீங்க மன்னிப்புக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?"

செல்வம் உள்ளே திரும்பிப் போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுவது போல, "தாதா, நாங்க ரெண்டு பேரும் கூட வர்றோம்" என்றான். அவர் சுவரைப் பார்த்தே கிடந்தார். ஆனால் குறித்த நாளில் நாங்கள் போய் நின்றபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் ஸ்ட்ரெச்சருக்கு அந்தப் பக்கம், செல்வம் இந்தப் பக்கம், காலடியில் அவர் மனைவி. வழி முழுக்க ஹரிபதா கூரையையே பார்த்தபடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தோம். படகுத்துறை வந்தது. வண்டியைப் படகில் ஏற்றி, டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. அக்கரை நெருங்கியதும் ஹரிபதா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். மரம் ஏறிப் பழகிய கை, நகம் பதிந்தது. டிரைவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனது.

அவர் உடனே விடவில்லை. வண்டி படகிலிருந்து இறங்கி, மேடேறி, கியர் மாறி, ரோட்டில் சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் என் கையை விட்டார்.